'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடலாமா? முதுமையில் வரும் தள்ளாமையை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி, உடற்பயிற்சியால் சரிசெய்வது எப்படி?

ஜவ்வாது மலைக் கிராமங்களில் 70 வயதைத் தாண்டியும் ஆடு மேய்ப்பவர்கள், சாமைக் கொல்லையில் களை எடுப்பவர்கள், தலையில் விறகுக் கட்டோடு மேடேறி வருபவர்கள் இருக்கிறார்கள். அதே ஊரில், அதே வயதில், திண்ணையை விட்டு எழவே இன்னொருவரின் கை தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள். வயசு ஒன்றுதான். உடம்பு மட்டும் ஏன் இப்படி வேறுபடுகிறது?

இந்த வித்தியாசத்துக்கு மருத்துவத்தில் 'ஃப்ரெய்ல்ட்டி' என்று ஒரு பெயர் இருக்கிறது. நம் ஊரில் அதற்குப் பழைய பெயரே உண்டு: தள்ளாமை. 'தள்ளாத வயசு' என்று சொல்கிறோமே, அதுதான். ஆனால், தள்ளாமை எல்லோருக்கும் கட்டாயம் வருவது இல்லை. வரும்போது சில அடையாளங்களைக் காட்டிவிட்டுத்தான் வருகிறது. ஆரம்பத்திலேயே கவனித்தால் பெருமளவு திருப்பவும் முடியும். அதற்கு முக்கிய மருந்து உடற்பயிற்சி.

தள்ளாமையை எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன பயிற்சி செய்வது? யார் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்? இதோ முழு விவரம்.

தள்ளாமை என்றால் என்ன?

ஒரு உதாரணம் பார்ப்போம். மழை தப்பிப்போன வருஷத்தில், குதிரில் தானியம் இருக்கும் வீடு சமாளித்துவிடும். குதிர் காலியான வீடு ஒரே மாதத்தில் தடுமாறும். இரண்டு வீட்டுக்கும் வந்தது ஒரே வறட்சிதான். கையிருப்புதான் வேறு.

உடம்பும் அப்படித்தான். தசை, எலும்பு, இதயம், நுரையீரல், நரம்பு எல்லாவற்றிலும் நமக்கு அன்றாடத் தேவைக்கு மேல் கொஞ்சம் கையிருப்பு உண்டு. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சின்னதாக ஒரு வழுக்கலோ வந்தால், அந்தக் கையிருப்பை வைத்துத்தான் உடம்பு எழுந்து நிற்கிறது. அது கரைந்துபோன நிலைதான் தள்ளாமை. அந்த நிலையில் இருப்பவருக்கு நாலு நாள் காய்ச்சல் போதும். அதுவரை நடந்துகொண்டிருந்தவர் கட்டிலோடு தங்கிவிடுவார். 'நல்லாத்தான் இருந்தாரு, திடீர்னு ஓய்ஞ்சுட்டாரு' என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் பல நேரம் அது திடீரென்று நடந்தது கிடையாது. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் நடந்தது, யாரும் கவனிக்கவில்லை.

மலையேறி இறங்குபவர்களுக்குமா இது வரும்?

வரும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது ஜவ்வாது மலை. இங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு நடப்பதும் சுமப்பதும் புதிது இல்லை. இளமை முழுக்க உழைத்த உடம்புக்கு நல்ல அடித்தளம் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால், தசைக்குப் பழைய கணக்கு தெரியாது. இப்போது வேலை கொடுத்தால்தான் அது இருக்கும்.

முப்பது வயதுக்கு மேல் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்குகிறது. பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறையலாம் என்பது பொதுவான கணக்கு. அறுபதைத் தாண்டினால் வேகம் இன்னும் கூடும். அதோடு படுக்கையும் சேர்ந்தால்? 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். பத்தே நாளில் அவர்களின் கால்களில் இருந்து மட்டும் சராசரியாகச் சுமார் 1 கிலோ தசை போயிருந்தது. எந்த நோயும் இல்லாதவர்களுக்கே இந்த நிலை.

மலைக் கிராமத்தில் ஒரு பெரியவர் வேலையை நிறுத்துவதற்குக் காரணங்கள் நிறைய. முட்டி வலி வருகிறது. கண் மங்குகிறது. பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போய்விட, ஆட்டை விற்றுவிடுகிறார்கள். 'இனிமே நீ கொல்லைக்குப் போவாத ஆயா, சும்மா உட்காரு' என்று பேரப்பிள்ளைகள் அக்கறையோடு சொல்கிறார்கள். அன்றிலிருந்து கையிருப்பு கரையத் தொடங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. ஆடு மேய்க்கும் நடை மூச்சுக்கும் இதயத்துக்கும் நல்லதுதான். ஆனால் தொடையின் பலம், கையின் பிடி, விழாமல் நிற்கும் சமநிலை எல்லாம் வெறும் நடையால் மட்டும் முழுதாகக் காப்பாற்றப்படுவதில்லை. அதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும்.

கவனிக்க வேண்டிய 5 அடையாளங்கள்

2001-ல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீட் தலைமையிலான குழு, 65 வயதைக் கடந்த 5,317 பேரின் விவரங்களை ஆராய்ந்து, தள்ளாமையைக் கண்டுபிடிக்க ஐந்து அடையாளங்களை வகுத்தது. உலகம் முழுக்க மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நம் வீட்டு மொழியில் சொன்னால்:

1. தானாக எடை குறைவது. டயட் எதுவும் இல்லாமலே ஒரு வருடத்தில் சுமார் நாலரை கிலோவோ, அதற்கு மேலோ குறைவது. எடை மெஷின் இல்லாத வீட்டில் எப்படித் தெரியும்? ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிறது, அரைஞாண் கயிறு இறங்குகிறது, வளையல் கழன்று விழுகிறது. இதெல்லாம் எடை மெஷின் சொல்லும் சேதிதான்.

2. எப்போதும் அசதி. 'எதைச் செஞ்சாலும் மலைப்பா இருக்கு', 'ஒண்ணுமே செய்யத் தோணல' என்று வாரத்தில் மூன்று நாளாவது சொல்வது.

3. பிடி தளர்வது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிய முடியவில்லை, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்க முடியவில்லை, பாட்டில் மூடியைத் திறக்க இன்னொருவரைக் கூப்பிடுகிறார்.

4. நடை மெதுவாவது. சந்தைக்கோ ரேஷன் கடைக்கோ கூடப் போகிறவர்கள் நின்று நின்று காத்திருக்க வேண்டியிருக்கிறது.

5. நடமாட்டம் குறைவது. முன்பு தினமும் போன இடத்துக்கு இப்போது போவதில்லை. நாளின் பெரும்பகுதி உட்கார்ந்தோ படுத்தோ கழிகிறது.

இந்த ஐந்தில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தள்ளாமை வந்துவிட்டது என்று பொருள். ஒன்றோ இரண்டோ இருந்தால் அது தள்ளாமைக்கு முந்தைய நிலை. இந்த இரண்டாவது நிலைதான் முக்கியம். ஏனென்றால் இங்கிருந்து திரும்பி வருவது சுலபம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய 4 சோதனைகள்

இதற்கு மெஷின் வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் செல்போனில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். ஒரே ஒரு நிபந்தனை: பெரியவர் பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல் இருப்பவர்களுக்கு இதைச் செய்யாதீர்கள்.

உட்கார்ந்து எழும் சோதனை: கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். ஆசியர்களுக்கான நிபுணர் குழு 2019-ல் கொடுத்த அளவுகோல்படி, இதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கால் பலம் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை என்றால், உடனே கவனிக்க வேண்டிய விஷயம்.

நடைச் சோதனை: சமமான இடத்தில் 6 மீட்டர், அதாவது சுமார் 20 அடி, அளந்து கோடு போடுங்கள். வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். 6 நொடிக்கு மேல் ஆனால் நடை மெதுவாகிவிட்டது என்று அர்த்தம். மேடு பள்ளமான வாசலில் செய்தால் கணக்கு தப்பிவிடும்.

கெண்டைக்கால் வளையச் சோதனை: இது ஜப்பானில் பிரபலமானது. உட்கார்ந்தபடி, இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் செய்து, கெண்டைக்காலின் தடிமனான பகுதியைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல்கள் ஒன்றையொன்று தொட முடியாத அளவுக்குக் கால் தடிமனாக இருந்தால் நல்லது. வளையத்துக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் தசை குறைந்திருக்கலாம். காலில் வீக்கம் இருப்பவர்களுக்கு இது சரியாக வராது.

சமநிலைச் சோதனை: ஒரு பாதத்தின் குதிகால், இன்னொரு பாதத்தின் விரல் நுனியைத் தொடும்படி ஒரே கோட்டில் வைத்து 10 நொடி நிற்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் விழும் ஆபத்து கூடுதல்.

இந்தச் சோதனைகள் டாக்டரின் முடிவுக்கு மாற்று கிடையாது. 'கவனிக்கணும்' என்று சொல்லும் மணி, அவ்வளவுதான்.

முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் என்ன அவசரம்?

தள்ளாமை வந்த உடம்பு விழும். விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். நகரத்திலேயே அது பெரிய சோதனை. மலையில்? ஜவ்வாது மலையில் சில குக்கிராமங்களில் இருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்துதான் ரோட்டைப் பிடிக்க வேண்டியிருந்த செய்திகளை நாம் பார்த்திருக்கிறோம். அங்கிருந்து ஆம்புலன்ஸ், பிறகு ஆபரேஷன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்காக வேலூரோ திருவண்ணாமலையோ. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் படுக்கை. பார்த்துக்கொள்ள ஒருவர் வேலையை விட்டு வீட்டில் இருக்க வேண்டும். ஒரு வழுக்கலுக்கு ஒரு குடும்பமே விலை கொடுக்கிறது.

இது மலைக்கு மட்டுமான பிரச்னையும் இல்லை. மத்திய அரசின் 2021 கணிப்புப்படி தமிழ்நாட்டின் மக்கள் தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

90 வயதிலும் தசை வளருமா?

இந்தக் கேள்விக்கு 1990-லேயே பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரியாக 90 வயது உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் நடுவில் நின்றுவிட, ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது! தசையின் அளவும் கூடியது, நடையும் வேகமானது.

அதே ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில், பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது. ஆக, இது ஒரு மாசக் கோர்ஸ் மாத்திரை மாதிரி இல்லை. பல் விளக்குவது மாதிரி தொடர்ந்து செய்ய வேண்டியது.

1994-ல் அதே குழு, முதியோர் இல்லத்தில் இருந்த 100 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. பயிற்சி செய்தவர்களுக்குத்தான் கூடியது. 'ஒரு டானிக் எழுதிக் கொடுங்க டாக்டர்' என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

2014-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், 70 முதல் 89 வயது வரை உள்ள 1,635 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவுக்கு நடை, பலப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு உடல்நலம் பற்றிய வகுப்புகள். சராசரியாக 2.6 ஆண்டுகள் கவனித்தார்கள். 400 மீட்டர்கூட நடக்க முடியாமல் போகும் ஆபத்து, பயிற்சி செய்தவர்களுக்கு 18 சதவீதம் குறைவாக இருந்தது. 400 மீட்டர் என்பது சின்ன தூரமாகத் தெரியலாம். ஆனால் ரேஷன் கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் தானே போய்வர முடியுமா, முடியாதா என்பதை அந்த 400 மீட்டர்தான் முடிவு செய்கிறது.

என்ன பயிற்சி செய்யணும்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலை அசைக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலையோடு சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும். ஜிம் தேவையில்லை. ஒரு நாற்காலி, ஒரு சுவர், இரண்டு தண்ணீர் பாட்டில் போதும்.

உட்கார்ந்து எழுதல்: சோதனைக்குச் செய்ததேதான், இப்போது பயிற்சியாக. முதலில் கையை ஊன்றி எழலாம். பழகியதும் ஒரு கை, பிறகு கை இல்லாமல். 8 முதல் 10 முறை. உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். தொடைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. நாற்காலி இல்லாத வீட்டில் அதே உயரமுள்ள திண்ணை போதும்.

குதிகால் உயர்த்தல்: நாற்காலியின் முதுகையோ சுவரையோ பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நின்று, மெதுவாக இறங்க வேண்டும். 10 முறை. மேடு ஏறவும் இறங்கவும் கெண்டைக்கால்தான் துணை.

கால் நீட்டல்: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை முன்னால் நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. முட்டி வலி இருப்பவர்கள் முதலில் தொடங்க இது நல்ல பயிற்சி.

சுவர்த் தள்ளல்: சுவரில் இருந்து ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி முன்னால் சாய்ந்து, பிறகு தள்ளித் திரும்ப வேண்டும். 8 முதல் 10 முறை.

பாட்டில் தூக்கல்: அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரு கைக்கு ஒன்றாகப் பிடித்து, முழங்கையை மடக்கித் தோள் வரை தூக்கி இறக்க வேண்டும். 10 முறை. சுலபமானதும் ஒரு லிட்டர்.

துணி பிழிதல்: ஒரு சின்னத் துண்டை நனைத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முறுக்கிப் பிழிய வேண்டும். பிடிக்கு நல்லது.

கோட்டு நடை: சுவர் ஓரமாக, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து, 10 அடி எடுத்து வைக்க வேண்டும். ஒரு கை சுவர்மேல் இருக்கட்டும்.

ஒற்றைக்கால் நிலை: நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் 10 நொடி நிற்க வேண்டும், பிறகு கால் மாற்ற வேண்டும். பழகப் பழக இரண்டு கைப் பிடியை ஒரு கையாக, பிறகு ஒரு விரலாகக் குறைக்கலாம்.

எவ்வளவு, எப்படி கூட்டுவது?

முதல் வாரம் ஒரு சுற்று மட்டும். ஒன்று விட்டு ஒரு நாள், வாரம் மூன்று நாள். மூன்றாவது வாரத்தில் இரண்டு சுற்று. மற்ற நாட்களில் நடை. ஒரேயடியாக அரை மணி நேரம் நடக்க முடியாதவர் காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம் என்று தொடங்கலாம்.

நடக்கும்போது பேச முடியணும், ஆனா பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகத்துக்கு எளிமையான அளவுகோல். தசைப் பயிற்சியில் கடைசி இரண்டு முறை கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும். ரொம்ப சுலபமாக முடிந்தால் அந்தப் பயிற்சியால் பலம் கூடாது. எடையையோ எண்ணிக்கையையோ கூட்டுங்கள். பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ஒரே பாட்டிலை ஒரு வருடம் தூக்கினால் ஒரு வருடமும் அதே பலம்தான்.

மூச்சை அடக்கிக்கொண்டு செய்யக்கூடாது. எழும்போது மூச்சை வெளியே விடவும். மறுநாள் தசையில் லேசான வலி இருந்தால் பயமில்லை. மூட்டில் வீக்கமோ குத்தலோ வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும். பயிற்சியின் நடுவே நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், மிகுந்த மூச்சுத்திணறல் வந்தால் உடனே உட்கார வைத்து, 108-ஐ அழையுங்கள்.

யார் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்கணும்?

நெஞ்சுவலி உள்ளவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷனோ எலும்பு முறிவோ ஆனவர்கள், ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தவர்கள், எழும்போது கண் இருட்டுபவர்கள் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. எடை குறைவதும் அசதியும் எல்லா நேரமும் தள்ளாமை மட்டுமே என்று நினைத்துவிடக் கூடாது. காசநோய், சர்க்கரை நோய், தைராய்டு, ரத்தசோகை, புற்றுநோய், மனச்சோர்வு என்று பின்னால் வேறு காரணம் இருக்கலாம். சாப்பிடும் மாத்திரைகளேகூட தலைசுற்றலுக்குக் காரணமாக இருக்கலாம். அதனால் டாக்டரைப் பார்க்கப் போகும்போது எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரு பக்கக் கை கால் மட்டும் திடீரென்று பலம் இழந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குளறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

சாப்பாட்டில் என்ன மாற்றம் வேணும்?

செங்கல் இல்லாமல் சுவர் எழும்பாது. தசைக்குச் செங்கல் புரதம். முதியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 50 கிலோ எடை உள்ளவருக்கு 50 முதல் 60 கிராம்.

ஜவ்வாது மலையில் விளையும் சாமை நல்ல தானியம்தான். ஆனால் சாமைச் சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டால் இந்தக் கணக்கு எட்டாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் அளவுக்கு. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் சுமார் 7 கிராம். துவரை, கொள்ளு, மொச்சை, அவரை என எதுவானாலும் ஒரு கைப்பிடிக்கு ஏறக்குறைய அதே அளவு. மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. காலையில் டீயும் பன்னும் மட்டும் என்பதுதான் பல முதியவர்களின் கணக்கில் விழும் முதல் ஓட்டை.

பல் இல்லாதவர்களுக்குப் பருப்பைக் குழைய வேக வைத்துக் கடைந்து கொடுக்கலாம், கடலையை இடித்து உருண்டையாக்கலாம். சிறுநீரக நோய் இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. சரியாகச் சாப்பிடாமல் பயிற்சி மட்டும் செய்வதும் தவறு.

உதவி எங்கே கிடைக்கும்?

முதல் கதவு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமும் துணை சுகாதார நிலையமும்தான். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, கொடுக்கும் சேவையும் உண்டு. படுக்கையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது என்று நினைத்துக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் பகுதிக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் 'எங்க அப்பாவால நாற்காலியில இருந்து எழ முடியல, பிசியோதெரபி வேணும்' என்று நேரடியாகக் கேளுங்கள்.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பெயர் உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கான தனி புறநோயாளிகள் பிரிவு தொடங்கப்பட்டது. டாக்டர் வ.செ.நடராசன் அதற்கு முன்னோடி. சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதியவர்களுக்கான தேசிய உதவி எண் 14567-ஐ அழைத்தும் வழிகாட்டுதல் கேட்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யணும்?

'நீங்க உட்காருங்க, நான் எடுத்துட்டு வரேன்' என்பது அன்பான வார்த்தைதான். ஆனால் ஒரு நாளைக்கு இருபது முறை அதைச் சொன்னால், இருபது முறை எழுந்து நடக்கும் வாய்ப்பை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். பாதுகாப்பாகச் செய்ய முடிகிற வேலையை அவர்களிடமே விடுங்கள். கோழிக்குத் தீனி போடுவது, அவரை பறிப்பது, கடலை உரிப்பது, வாசல் வரை போய் வருவது எல்லாமே பயிற்சிதான்.

கூடவே, விழாமல் இருக்க வழி செய்யுங்கள். குளிக்கும் இடத்தில் பாசி படியாமல் தேய்த்து விடுங்கள். கழிப்பறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடியுங்கள். ராத்திரி எழுந்து போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். தேய்ந்துபோன ரப்பர் செருப்பை மாற்றுங்கள். மழைக்காலத்தில் மலைப் பாதையில் அதுதான் முதல் எதிரி. கண்புரை இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். ஊன்றுகோல் வைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். சரியான உயரத்தில் உள்ள கோல் இருந்தால் தைரியமாக நடக்கலாம், நடந்தால் பலம் வரும்.

தனியாகச் செய்யச் சொன்னால் பெரும்பாலானவர்கள் மூன்றாம் நாளே விட்டுவிடுவார்கள். தெருவில் நாலு பெரியவர்கள் சேர்ந்து ஒரு மரத்தடியில் காலையில் அரை மணி நேரம் செய்தால் தொடரும். பேரப்பிள்ளை பக்கத்தில் நின்று எண்ணினால் இன்னும் நன்றாகத் தொடரும்.

இந்த வாரமே தொடங்க என்ன செய்யலாம்?

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவரை உட்கார்ந்து எழும் சோதனை செய்ய வையுங்கள். எத்தனை நொடி ஆனது என்று காலண்டரில் அந்தத் தேதிக்கு மேலேயே எழுதி வையுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வீடியோ காலில் பார்த்தே எண்ணலாம். பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு நிற்கச் சொல்லுங்கள். மறுநாளில் இருந்து பயிற்சி. எட்டு வாரம் கழித்து அதே நாற்காலி, அதே சோதனை.

அன்றைக்கு எழுதும் எண் முதல் எண்ணைவிடக் குறைவாக இருந்தால், கையிருப்பு கூடத் தொடங்கிவிட்டது. கூடியிருந்தால், அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். 'ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இவ்வளவு, இப்ப இவ்வளவு' என்று நீங்கள் காட்டும் அந்த இரண்டு எண்கள் அவருக்கு ரொம்பவே உதவும்.